புதுச்சேரியில் மெழுகுச் சிலை பார்க்கப் போகிறீர்களா? டிக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அப்பாவையும் என் பையனையும் கூட்டிக்கொண்டு மதுரையிலிருந்து புதுச்சேரி போயிருந்தேன். ஒரே மதியத்தில் 1,380 ரூபாய் ஏமாந்தோம். பணத்தைவிட, அப்பா எதற்காக அவ்வளவு தூரம் வந்தாரோ அந்த நாள் வீணாய்ப் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. லீவுக்கு அங்கே கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் விஷயம் புரியும். எங்களுக்கு மதுரைப் பக்கம் விளாச்சேரி. அப்பா நாற்பது வருடம் கொலு பொம்மை செய்தவர். களிமண், காகிதக்கூழ் இரண்டிலும் அவர் கை ஓடும். எத்தனையோ பாரதியார் பொம்மைக்குக் கண் திறந்திருக்கிறார். பொம்மை வேலையில் கண்ணைக் கடைசியாகத்தான் எழுதுவார்கள், அதைத்தான் கண் திறப்பது என்பார்கள். பாரதியார் 1908 முதல் 1918 வரை பத்து வருடம் இருந்த ஊர் புதுச்சேரி. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்றைக்கு நினைவில்லமாக இருக்கிறது. முழங்கால் சுத்தமாக ஓய்வதற்குள் அந்த வீட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ரொம்ப நாள் ஆசை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோவில் ஏறி, பாரதியார் வீட்டுக்குப் போகணும் என்றேன். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். மீட்டர் என்ற பேச்சே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் திரும்பி, "இன்னைக்கு அங்க மூடியிருக்கு மேடம், உள்ள வேலை நடக்குது. மெழுகு மியூசியம் ஒண்ணு இருக்கு, பாரதியாரே அச்சு அசலா நிக்கிறாரு. பெரியவருக்கும் புடிக்கும், பையனுக்கும் புடிக்கும்" என்றார். லண்டன் மெழுகுச் சிலை வீடியோவெல்லாம் பார்த்து வைத்திருந்த பையன் குதித்துவிட்டான். மூடியிருக்கும் வீட்டுக்குப் போய் என்ன செய்வது, சரி, போகலாம் என்றேன். ஊரைத் தாண்டிக் கூட்டிப்போய் இறக்கிவிட்டு 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். திரும்பப் போக வண்டி வேண்டுமே, வெளியே நிற்கிறேன் என்றும் சொன்னார்.

வாசல் பலகையில் "40க்கும் மேற்பட்ட மெழுகுச் சிலைகள், பேய் வீடு, கண்ணாடி அறை" என்று படத்தோடு போட்டிருந்தது. மூன்றுக்கும் சேர்த்துதான் டிக்கெட், சிலை மட்டும் தனியாகக் கிடையாது என்றார்கள். பெரியவர்களுக்கு 250, சிறுவர்களுக்கு 200, ஆக 700. பில் என்று கொடுத்தது கோயில் திருவிழா நன்கொடைச் சீட்டு மாதிரி ஒரு துண்டு. நிறுவனத்தின் முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, தேதிகூட இல்லை. ஜிபேயில் அனுப்பியபோது திரையில் வந்தது ஒரு தனி ஆளின் பெயர். கவுண்டரில் இருந்தவர் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் நான்கு இலக்கம் எழுதிக் கொடுத்தார். அடிக்கட்டையிலும் அதையே எழுதிக்கொண்டார். வரிசை எண் போல என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே செல்போன் கூடாதாம். லாக்கருக்குப் போன் ஒன்றுக்கு 20 ரூபாய். சாவியை நம்மிடம் தருவதில்லை, அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். இந்த இடத்தில்தான் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பையன் விரல் விட்டு எண்ணினான். பதின்மூன்று சிலை. மீதியெல்லாம் எங்கே என்று கேட்டால் "வொர்க் போயிட்டிருக்கு மேடம்." பேய் வீட்டுக்குப் பூட்டு. கண்ணாடி அறையில் லைட் எரியவில்லை. ஏசியை அணைத்து வைத்திருந்தார்கள், புழுக்கம் தாங்கவில்லை. தேன்மெழுகு உருகுவதற்கு 60 டிகிரிக்கு மேல் வேண்டும் என்றாலும், அதற்கு வெகு முன்னாடியே இளகிவிடும். நிஜ மெழுகாக இருந்தால் அந்த அறையில் வைக்கவே மாட்டார்கள் என்று அப்பா உள்ளே நுழைந்ததும் சொன்னார்.

அப்புறம் பாரதியார் சிலைக்கு முன்னால் போய் நின்றோம். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை எல்லாம் இருந்தது. அப்பா கிட்டே போய்க் குனிந்து முகத்தைப் பார்த்தார். "இது மெழுகு இல்ல பாப்பா. மெழுகுன்னா வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ள வாங்கும், தோல் மாதிரி இருக்கும். இது பெயிண்டு, வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்குது" என்றார். வலது கைக் கட்டைவிரல் நுனி உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் கண்ணாடி இழை நார் நாராய் நீட்டிக்கொண்டிருந்தது. அச்சில் வார்த்த ஃபைபர் பொம்மை, அவ்வளவுதான். மீசையை ஒரே துண்டாக ஒட்டியிருந்தார்கள், இடது ஓரம் பசை விட்டுத் தூக்கி நின்றது. கண் தனியாகப் பதித்ததில்லை, வழவழப்பான முகத்தின் மேலேயே கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டியது. இரண்டு விழியும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. பாரதியார் என்றால் முதலில் நினைவுக்கு வருவதே அந்தப் பார்வைதானே. அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கீழே இருந்த குறிப்புப் பலகையைக் காட்டினார். "1908 முதல் 1928 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார்" என்று எழுதியிருந்தது. பாரதியார் 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பி, கடலூர் எல்லையில் கைதாகி, கடலூர்ச் சிறையில் இருந்தவர். சென்னையில் 1921லேயே காலமாகிவிட்டார். அவர் பத்து வருடம் வாழ்ந்த ஊரில், காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்குக் காட்டுகிற பலகை அது.

இடம் சிறியதாக இருப்பதைக் குறை சொல்லவில்லை. லண்டன் மெழுகுச் சிலை மியூசியத்தைத் தொடங்கிய மேரி துசோ 1835ல் அங்கே பேக்கர் தெருவில் நிலையாகக் கடை போடுவதற்கு முன்னால், வருடக்கணக்கில் பொம்மைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டியவர்தான். நல்ல மெழுகுச் சிலையிலும் தலையும் கையும்தான் மெழுகு, உடம்பு ஃபைபராக இருக்கும். அது ஏமாற்று வேலை இல்லை. தலைமுடியை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தி ஏற்றுவார்கள், ஒரு சிலைக்கு மாதக்கணக்கில் ஆகும். பதின்மூன்று ஃபைபர் பொம்மை என்று உள்ளபடி எழுதி 50 ரூபாய் கேட்டிருந்தால் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் பார்த்திருப்போம். பொம்மை செய்கிறவர் வீட்டுப் பெண் நான், அந்த உழைப்பின் அருமை எனக்குத் தெரியும்.

பெரிய அடி வாசலில் காத்திருந்தது. உள்ளே ஒரு ஆள் கேமராவோடு கூடவே வந்து, நாங்கள் கேட்காமலே படம் எடுத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். "சும்மா பாருங்க, புடிச்சா வாங்கிக்கலாம்" என்றார். வெளியே வரும் வழியில் மேசை மேல் நான்கு படம் பிரிண்ட் போட்டுத் தயாராக இருந்தது, ஒன்று 100 ரூபாய். வேண்டாம் என்றதும், "பிரிண்ட் போட்டாச்சே மேடம், அது எங்க கைக்காசு" என்று குரல் உயர்ந்தது. லாக்கர் அந்த மேசைக்கு அந்தப் பக்கம், சாவி அவர் சட்டைப் பையில். பத்து நிமிடம் வாதாடினேன். பையன் அழ ஆரம்பித்தான். "குடுத்துட்டு வா பாப்பா, போனை வாங்கு" என்றார் அப்பா. 400 கொடுத்தேன். அந்த நான்கில் இரண்டு படத்தில் அப்பா கண்ணை மூடியிருக்கிறார். தாகத்துக்கு வாங்கிய தண்ணீர் பாட்டிலில் விலை 20 என்று அச்சடித்திருந்தது, வாங்கியது 40.

போனை வாங்கிக்கொண்டு திரும்பினால், எங்கள் ஆட்டோ டிரைவர் கவுண்டரில் நிற்கிறார். கவுண்டர்காரர் அடிக்கட்டையைப் பார்த்துவிட்டு அவர் கையில் மூன்று நோட்டுக் கொடுத்தார். என் கையில் இருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். வாசலில் நின்ற ஆட்டோவின் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். அதே நான்கு இலக்கம். பாரதியார் வீடு எதற்காக "மூடியிருந்தது" என்று அப்போதுதான் புரிந்தது. அந்த வண்டியில் ஏறவில்லை, பஸ் பிடித்து ஊருக்குள் வந்தோம். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் வேறு ஆட்டோவில் 80 ரூபாய்க்குப் போனோம். வீடு திறந்திருந்தது. நேற்று வேலை நடந்ததா என்று அங்கிருந்தவரிடம் கேட்டேன். "இல்லைங்களே, நேத்தும் திறந்துதானே இருந்துச்சு" என்றார். அப்பா ஒரு புகைப்படத்துக்கு முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை. விரலால் காற்றில் புருவத்தை வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார். பகல் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருந்ததால் பாதியிலேயே கிளப்பிக்கொண்டு வர வேண்டியதாகிவிட்டது.

புகார் கொடுத்திருப்பதால் இடத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் ஆட்டோக்காரர் "அங்கே மூடியிருக்கு" என்று சொல்லி வேறு இடத்தைக் காட்டினால், எங்கே நீங்கள் போகக் கிளம்பினீர்களோ அங்கேயே விடச் சொல்லுங்கள். மூடியிருந்தால் நம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். எத்தனை சிலை இன்றைக்கு உள்ளே இருக்கிறது, எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று காசு கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். வாசல் பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நான் எடுக்காமல் விட்டது புகார் எழுதும்போது பெரிய குறையாகத் தெரிந்தது. போனை வாங்கி வைத்துக்கொண்டு சாவி தராத இடத்துக்குள் போகாதீர்கள். பில் கேட்டுக் கொடுக்காமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அச்சடித்த விலைக்கு மேல் பாட்டில் விற்பதும் தவறு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் தமிழில்தான் பேசினேன், புகார் எண் கொடுத்தார்கள். ஜிபே பணம் போன விவரத்தையும் சீட்டின் இரண்டு பக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன். அதில் நியாயம் கிடைக்காவிட்டால் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். நாம் குடியிருக்கும் ஊரிலேயே போட இந்தச் சட்டம் இடம் தருகிறது, 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை.

புதுச்சேரியில் இது போல எங்காவது போய்வந்தவர்கள் உங்கள் டிக்கெட்டைத் தேடி எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்னால் நான்கு இலக்கம் எழுதியிருந்தால் கிழித்துப் போடாதீர்கள். 1915க்குக் கூப்பிட்டு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.