மூடுல் பயிற்சி: பட்டறையா, இரண்டு வார வகுப்பா, பக்கத்துத் துறை ஆசிரியரா?

கல்லூரியில் மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருளை நிறுவியாயிற்று. ஆசிரியர்களை அதில் பழக்க மூன்று வழிகள் உண்டு.

மலிவானது ஒரு நாள் பட்டறை. வெளியிலிருந்து வந்தவர் எந்தப் பொத்தான் எங்கே என்று திரையில் காட்டுவார். மாலையில் சான்றிதழ், குழுப் படம், கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்கான கோப்பில் ஒரு தாள். குறிப்புகளைப் போட்டு அசைன்மென்ட் வாங்கினால் போதும் என்றால் இதுவே அதிகம். அதற்கு மூடுலே வேண்டாம், கூகுள் கிளாஸ்ரூம் போதும்.

அடுத்தது நீண்ட இணையப் பயிற்சி. ஸ்வயம் என்ற அரசு இணையப் பாடத் தளத்தில் 2018இல் தொடங்கிய அர்பிட் என்ற ஆசிரியர் பயிற்சி, மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் நடத்தும் இரண்டு வாரப் புத்தாக்கப் பயிற்சி போன்றவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிப்படி பதவி உயர்வுக்கு இவை கணக்கில் சேரும். பலர் சேர்வதே அதற்காகத்தான், அதில் தப்பில்லை. பாட வடிவமைப்பு, மதிப்பீடு பற்றி உருப்படியாகக் கற்றுத்தருவார்கள். ஆசிரியரே மாணவராகி, கெடு தேதிக்குள் வினாடி வினா முடிக்கப் பதறுவதும் நல்ல பாடம். ஆனால் உங்கள் கல்லூரி சர்வரில் நீங்கள் நடத்தும் பாடத்துக்கான பக்கத்தை அங்கே யாரும் கட்டித்தர மாட்டார்கள்.

மூன்றாவது, மூடுல் தெரிந்த சக ஆசிரியர் ஒருவர் பருவம் முழுக்க, வாரம் ஒரு மணி நேரம் கூட உட்காருவது. என் ஓட்டு இதற்குத்தான். உண்மையான சிக்கல்கள் வேலை தொடங்கிய பிறகுதானே வருகின்றன. வினா வங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். எய்க்கன் என்ற எளிய வடிவத்தில், கேள்வி ஒரு வரி, கீழே ஏ, பி, சி, டி விடைகள், கடைசியில் 'ANSWER:' போட்டுச் சரியான விடையின் எழுத்து என்று சாதாரண உரைக்கோப்பில் தட்டச்சு செய்தால் நூறு கேள்விகளை ஒரே மூச்சில் ஏற்றிவிடலாம். தமிழ்த்துறை ஆசிரியர் தன் பழைய வினாத்தாளைக் கொண்டுவருவார். அது பாமினி என்ற பழைய வகை எழுத்துருவில் இருக்கும். ஏற்றினால் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் வரும். முதலில் எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். அப்புறம் மாணவருக்கு மாணவர் கேள்வி மாறும்படி அமைப்பது, விடைத்தேர்வுகளைக் கலைப்பது, 'மாணவராகப் பார்' என்று சோதிப்பது. இதையெல்லாம் பட்டறையில் கேட்க அந்த ஆசிரியருக்குத் தோன்றவே தோன்றாது.

பதவி உயர்வு நெருங்குகிறவர் சான்றிதழை முதலில் வாங்கிக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு மூன்றாவது வழி, ஒரு நிபந்தனையோடு: சொல்லித்தருகிறவருக்கு அந்த நேரம் கால அட்டவணையிலேயே பணிச்சுமையாகக் குறிக்கப்பட வேண்டும். "சார், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று மதிய உணவு இடைவேளையில் பிடித்தால், இரண்டாவது மாதமே அவர் ஓய்வறைப் பக்கம் வருவதை நிறுத்திவிடுவார்.