குழந்தைக்காக வெந்தய கேப்சூல் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

ஈரோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம், 'ஆண்மைக்கு இயற்கைத் தீர்வு' என்று போர்டு வைத்த ஒரு கடையில் என் சித்தி மகனிடம் 18,000 ரூபாய் கறந்துவிட்டார்கள். காசுகூடப் போகட்டும். அவனுடைய மாதங்களை வீணடித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கல்யாணமாகி நாலு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சப்பட்டு அந்தக் கடைக்குப் போயிருக்கிறான். நாடி பிடித்துப் பார்த்தவர், "ஹார்மோன் கம்மிங்க தம்பி. டெஸ்ட்டெல்லாம் எதுக்குங்க? மூணு மாச வெந்தயக் கேப்சூல் கோர்ஸ் போதும்" என்றிருக்கிறார். ரத்தம் எடுக்கவில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்றும் கேட்கவில்லை.

நம்ப வைத்தது ஒரு லேமினேஷன் தாள். வெந்தயச் சாறு சாப்பிட்டு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 46 சதவீதம் ஏறியது என்று அதில் போட்டிருந்தது. தேடிப் பார்த்தேன். அந்த ஆய்வு நிஜம்தான், 2017ல் வந்தது. ஆனால் அதில் மொத்தம் 50 பேர், 12 வாரம். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட குழு ஒன்றுகூடக் கிடையாது. ஏறியதாகச் சொன்னதும் புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் தனியாக இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் மட்டும். 2011ல் ஆஸ்திரேலியாவில் 60 ஆண்களுக்கு 6 வாரம் தினமும் 600 மில்லிகிராம் வெந்தயச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். தாம்பத்திய ஆசை கூடியது, டெஸ்டோஸ்டிரோன் சாதாரண அளவிலேயே இருந்தது. அந்த மாத்திரையில் துத்தநாகமும் மெக்னீசியமும் வேறு சேர்ந்திருந்தன. இதையெல்லாம் எந்தத் தாளிலும் போட மாட்டார்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் விந்தணுவும் ஏறும் என்று கணக்குப் போடாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் விந்தகத்தில் விந்தணு உற்பத்தியே அடங்கிப்போகும். முயல்களுக்குத் தீவனத்தில் 30 சதவீதம் வெந்தயம் கலந்து கொடுத்த 2006ஆம் வருஷத்து ஆய்வில் விந்தகத்தின் எடையும் விந்தணுவும் குறைந்தன. முயலுக்கு நடந்தது மனுஷனுக்கும் நடக்கும் என்று சொல்லவில்லை. இட்லிக்கு ஊறப்போடும் வெந்தயத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். வெந்தயத்தில் உள்ள சப்போனின் என்ற வேதிப்பொருட்களைச் செறிவாக்கிக் கேப்சூலில் அடைத்து, 'பக்க விளைவே இல்லை' என்று விற்பதைத்தான் சொல்கிறேன்.

வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கும் என்பது நம் ஊரில் பாட்டிகளுக்கே தெரியும். தம்பி சர்க்கரை மாத்திரையோடு இதையும் விழுங்கியிருக்கிறான். ஒரு நாள் கட்டிங் டேபிளிலேயே வேர்த்துக் கொட்டி, கை நடுங்கிச் சாய்ந்துவிட்டான். கூட இருந்தவர்கள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது சர்க்கரை 58. கத்தி ஓடும் இடம் அது, நினைத்தாலே பதறுகிறது. இரண்டும் சேர்ந்தால் இப்படி இறங்கலாம் என்று டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார்.

அதற்கு முன்பே, முதல் கோர்ஸ் முடிந்தும் பலனில்லை என்று கேட்டதற்கு, "விந்தணு உருவாக மூணு மாசம் ஆகுமுங்க, இன்னொரு கோர்ஸ் எடுங்க" என்றார்கள். விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் பிடிக்கும் என்பது உண்மை. அந்த உண்மையைச் சொல்லியே அடுத்த டப்பாவை விற்றார்கள்.

அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் அழைத்துப் போனேன். காலையில் எடுத்த ஹார்மோன் ரத்தப் பரிசோதனை சரியாகவே இருந்தது. விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிக்கு 60 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை 1 கோடியே 60 லட்சம். காரணம் வெரிகோசீல், அதாவது விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருப்பது. கையால் தொட்டுப் பார்த்தே டாக்டர் சொல்லிவிட்டார். ஆண் பக்கக் குறைபாட்டில் அடிக்கடி காணப்படுவது இது. இதற்கு வெந்தயம் என்ன செய்யும்? ஆபரேஷன் முடிந்து இப்போது அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்கிறோம்.

கடையில் பணம் திருப்பித் தரவில்லை. கொடுத்த துண்டுச்சீட்டில் மருந்தின் பெயரே இல்லை, டப்பாவில் உரிம எண்ணும் இல்லை. ஆண்மையைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். டப்பாவையும் சீட்டையும் வைத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதியிருக்கிறோம். உங்கள் வீட்டில் யாராவது இதே மாதிரி வாங்கியிருந்தால், டப்பாவைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தைக்காக என்றால் முதலில் விந்துப் பரிசோதனை, அதற்கு 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.