பிளாஸ்டிக் செப்டிக் டேங்க்: மட்டக்களப்பு மணலுக்கு ஒத்துவருமா?

கல்லடி, நாவற்குடா தொடங்கி அங்கால காரைதீவு வரைக்கும் கரையோரத்தில் வீடு கட்டுகிற யார் ஹார்ட்வெயார் கடைக்குப் போனாலும் இப்போது முதலில் காட்டுவது இந்தக் கறுப்பு பிளாஸ்டிக் தாங்கியைத்தான். நாங்களும் 2,000 லீற்றரில் ஒன்று வாங்கிப் புதைத்து ஒரு மாரி முழுக்கப் பாவித்துவிட்டோம். சாமான் நல்லது. அதை விற்கிற விதம்தான் சரியில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல் வைத்துக் கட்டுகிற தொட்டிக்கு அடித்தளம் ஒழுங்காகப் போடாவிட்டால் எங்கள் மணலில் ஒரு பக்கம் இறங்கி வெடித்துவிடும், பிறகு உள்ளே இருப்பது மண்ணுக்குள் கசிவது யாருக்கும் தெரியாது. இதில் அந்தப் பயம் குறைவு. எங்களுடையதில் உள்ளே தடுப்பு இருக்கிறது, முதல் அறை பெரியது, வெளியேறும் பைப் உள்ளே வரும் பைப்பை விட இரண்டு அங்குலம் தாழ்வு, இரண்டு பக்கமும் டீ (T) வடிவப் பைப். பாலாடை மாதிரி மேலே மிதக்கிற படலமும் அடியில் படிகிற சேறும் உள்ளே நின்று, நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் வெளியே போவதற்கு இவைதான் காரணம். ஆகவே வாங்க முன்னர் மூடியைத் திறந்து பாருங்கள், தடுப்பே இல்லாத வெறும் உருளைக்குச் செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்தும் விற்கிறார்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். ஒரு ஆளுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 40 லீற்றர் சேறு சேரும் என்று கணக்குப் போடுவார்கள். ஐந்து பேர், மூன்று வருடம் என்றால் சேறு மட்டுமே 600 லீற்றர், அதற்கு மேல் ஒரு நாள் தண்ணீராவது நின்று தெளிய இடம் வேண்டும். 1,000 லீற்றர் போதும் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, இனி என் கோபம். கடையில் சொன்னது இது: "அடைத்த டேங்க்தானே, கிணற்றுக்குப் பக்கத்திலும் வைக்கலாம், வெளியே வருகிற தண்ணியைப் பழைய குழிக்குள் விட்டுவிடுங்கள்." இதைக் கேட்டு எத்தனை பேர் அப்படியே செய்திருப்பார்கள் என்று நினைக்கவே வயிறு எரிகிறது. தாங்கி அடைத்ததுதான், ஆனால் அதற்குள் எவ்வளவு தண்ணீர் போகிறதோ அவ்வளவும் மறுபக்கத்தால் வெளியே வரும், பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அதில் கிருமி அப்படியே இருக்கும். கிணற்றுக்கான இடைவெளி விதி இருப்பது தாங்கியைப் பார்த்து இல்லை, அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான். அந்தத் தண்ணீரை மண்ணுக்குள் விடுகிற உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி, அதாவது ஏறக்குறைய 15 மீற்றர் இருக்கிறதா என்றுதான் பீ.எச்.ஐ.யும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சபை ஆட்களும் பார்ப்பார்கள். உங்கள் கிணறு மட்டும் இல்லை, பக்கத்து வளவுக் கிணறும் சேர்த்தி. கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்: 10 பேர்ச் வளவு 2,722 சதுர அடிதான், ஒரு கிணற்றைச் சுற்றி 50 அடிக்கு வட்டம் போட்டால் 7,850 சதுர அடி. எங்கள் ஊரில் வளவுக்கு ஒரு கிணறு, பைப் தண்ணீர் வந்த பிறகும் குளிக்கவும் சமைக்கவும் அதைத்தான் பாவிக்கிறோம். கட்டிட வரைபடத்தில் தாங்கியும் உறிஞ்சு குழியும் கிணறும் எங்கே என்று காட்டச் சொல்வது சும்மா கடதாசி வேலை இல்லை.

பழைய குழியைத் திரும்பப் பாவிப்பது பற்றி. கரையோரப் பழைய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது சீமெந்துக் கொட்டு (வளையம்) இறக்கிய குழி, அடி இல்லாதது. அதைத் தாங்கி என்று கணக்கில் எடுக்கவே முடியாது. உறிஞ்சு குழியாகவாவது வைக்கலாமா என்றால், மாரியில் நிலத்தடி நீர் எந்த மட்டத்துக்கு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் எங்கள் கிணற்றில் குனிந்து வாளியால் அள்ளலாம், அப்படியென்றால் அந்தக் குழி முழுக்க அப்போது தண்ணீருக்குள் நிற்கிறது, கக்கூஸையும் கிணற்றையும் பைப் போட்டு இணைத்த மாதிரி. எங்கள் வீட்டுக்கு வந்த பீ.எச்.ஐ. ஐயா அதை விளக்கிச் சொல்லி, குழியை இறைத்து, சுண்ணாம்பு போட்டு, மணலால் நிரப்பி மூடச் சொன்னார். மூடினோம். அடியும் சுவரும் உள்ள பழைய கட்டிய தொட்டி என்றால் விஷயம் வேறு: முழுக்க இறைத்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு, மட்டம் குறையாவிட்டால் திரும்பப் பாவிக்கலாம். ஆனால் அதற்குள் ஆளை மட்டும் இறக்காதீர்கள். உள்ளே இருக்கிற வாயு இரண்டு மூச்சில் ஆளை விழுத்தும், தூக்கப் போகிறவரையும் சேர்த்து.

குழிக்குப் பதிலாக மேசன் எங்களுக்குச் செய்து தந்தது, வளவின் கிணறில்லாத மூலையில் நிலத்துக்கு மேலே உயர்த்திய மணல் படுக்கை. ஓட்டை போட்ட பைப், சுற்றி ஜல்லி, கீழே மணல், மேலே கல்வாழை. கழிவுத் தண்ணீர் நிலத்தடி நீரைத் தொட முன்னர் எவ்வளவு காய்ந்த மணலைக் கடக்கிறதோ அவ்வளவுக்குக் கிருமி குறையும். வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்திக் கட்டியதால் மோட்டர் இல்லாமலே தண்ணீர் அங்கே ஓடுகிறது. இந்தப் படுக்கைக்கு ஆன செலவும் வேலையும் தாங்கியை விடக் குறைவில்லை, கடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர்கள் சொல்லாத இன்னொன்று, மிதப்பு. 2,000 லீற்றர் தாங்கி வெறுமையாக நிலத்தடி நீருக்குள் முழுக்க அமிழ்ந்தால் அதை மேலே தள்ளுகிற விசை ஏறக்குறைய 2 தொன். மணல் பிடித்து வைத்திருக்கும் என்று நம்ப முடியாது, பைப்பை முறித்துக்கொண்டு எழும்பும். அடியில் கொங்கிரீட் தளம் போட்டு, பட்டியால் இழுத்துக் கட்டி, மண் நிரப்பும்போதே உள்ளே தண்ணீரும் நிரப்ப வேண்டும். கழிவு இறைக்கிற பவுசர் வண்டி வந்து இறைத்த பிறகும் உடனே தண்ணீர் விட வேண்டும், மாரியில் இறைப்பதைத் தவிர்ப்பதே நல்லது. மூடிக்கு மேலே சீமெந்து பூசி மறைக்கவும் வேண்டாம், பவுசர் குழாய் எதற்குள்ளால் போகும்?

வளவில் இடமும், படுக்கை அமைக்கத் தெரிந்த மேசனும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். 5 பேர்ச், 6 பேர்ச் வளவில் நான்கு பக்கமும் கிணறு என்றால், தாங்கிக்குக் காசு கட்ட முதல் பீ.எச்.ஐ.யைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டுங்கள், காட்டும்போது பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள், அவர்களுடைய கிணறும்தானே.