புது வீட்டுக் கூரையில் கட்டாய ஸ்பிரிங்க்ளர்: கலிஃபோர்னியாவில் குடியிருப்பவரின் மதிப்புரை

கலிஃபோர்னியாவில் புது வீடு வாங்குகிறவர் சமையல் மேடைக் கல்லையும் தரையின் நிறத்தையும் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம். தீப்பிடித்தால் மேலிருந்து தானாகத் தண்ணீர் பொழியும் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் வேண்டுமா வேண்டாமா என்பதில் மட்டும் அவருக்குத் தேர்வு கிடையாது. 2011 ஜனவரி 1 முதல் இம்மாநிலத்தில் புதிதாகக் கட்டப்படும் தனி வீடுகளுக்கும், வரிசையாக ஒட்டிக் கட்டும் டவுன்ஹவுஸ்களுக்கும் அது கட்டாயம். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் அப்படிப்பட்ட வீடொன்றில் குடியிருக்கும் நான், விலைப்பட்டியலில் தனியாகக் கண்ணில் படாத இந்தச் சாதனத்தை, நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளாகவே கருதி மதிப்பிட விரும்புகிறேன்.

அறையின் உட்கூரையில் பார்த்தால் கை அகல வெள்ளை வட்டத் தட்டுகள் மட்டுமே தெரியும். அறையில் தீப்பற்றி மேலே வெப்பம் சேரும்போது, பற்றாசு (சால்டர்) வைத்துப் பொருத்திய அந்த மூடித்தட்டு ஏறத்தாழ 57 டிகிரி செல்சியஸில் கழன்று விழும். அதற்குள் இருக்கும் முனை 70 டிகிரியை ஒட்டித் திறந்து, நிமிடத்துக்கு 50 முதல் 70 லிட்டர் வரை தண்ணீரைப் பொழியும். திரைப்படங்களில் ஒரு தீக்குச்சியைக் காட்டியதும் கட்டடம் முழுவதும் மழை கொட்டுவதைப் பார்த்துப் பழகியதால், வீட்டுக்கு வருகிற உறவினர்களில் பலர் தாளிக்கும்போதே அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. மிளகாய் கமறினால் அலறுவது புகை அலாரம். ஸ்பிரிங்க்ளர் முனைக்குப் புகை தெரியாது, வெப்பம் மட்டுமே தெரியும். ஒவ்வொரு முனையும் தனித்தனியாகவே திறக்கும் என்பதால், பெரும்பாலான வீட்டுத் தீயில் நெருப்புக்கு அருகிலுள்ள ஓரிரு முனைகளே வேலை செய்கின்றன. தீயணைப்பு வீரர்களின் குழாய் பாய்ச்சும் தண்ணீர் இதைப் போலப் பல மடங்கு.

நம் வீடுகளில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது கிரகப்பிரவேச ஓமம். நெய் வார்த்து வளர்க்கும் அக்கினி சிறியதே ஆனாலும், அதன் வெப்பம் நேரே கூரைக்கு ஏறி அங்கே தங்கும். முனைக்குக் கீழே குண்டம் வைப்பது அறவே கூடாது. பிளாஸ்டிக் உறையை முனையின் மேல் கட்டிவிட்டு நடத்தலாம் என்று சிலர் சொல்வதும் தவறான யோசனை. வெப்பத்தால் ஒருமுறை திறந்த முனை தானாக மூடிக்கொள்ளாது, வால்வை அடைத்தால்தான் நிற்கும். பின்முற்றத்தில் ஓமத்தை முடித்துக்கொண்டு உள்ளே வந்து பால் காய்ச்சுவதே சரி.

சாதனத்தின் நோக்கத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். வீடுகளுக்கென 1975-இல் முதன்முதலில் வெளியான, அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) 13டி தரநிலை, அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றி எரியும் நிலை வராமல் தடுத்து, உள்ளே இருப்பவர்கள் வெளியேற அவகாசம் தருவதையே குறிக்கோளாகக் கொண்டது. சொத்தைக் காப்பது அதன் முதல் வேலை அன்று. அதனால்தான் பரணுக்கும் சிறு குளியலறைகளுக்கும் முனை வைக்காமல் விட அது இடம் தருகிறது. வெளியிலிருந்து வரும் காட்டுத்தீயிடமிருந்து இது வீட்டைக் காக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். அதற்குக் கூரை, சுவர், காற்றுத் துளைகள் பற்றிய தனி விதிகள் இருக்கின்றன.

இதைக் கட்டாயமாக்க வேண்டுமா என்பதில் அமெரிக்கா இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரம் 1985-இலேயே விதி இயற்றியது. மாநிலங்கள் விரும்பினால் ஏற்றுக்கொள்ளும் மாதிரிக் குடியிருப்புக் கட்டட விதிநூலின் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பு எல்லாப் புது வீடுகளுக்கும் ஸ்பிரிங்க்ளரைக் கோரியபோது, கலிஃபோர்னியாவும் மேரிலாந்தும் மாநிலம் முழுவதற்கும் அதை ஏற்றன. பென்சில்வேனியா 2011-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்து சில மாதங்களிலேயே திரும்பப் பெற்றது. டெக்சாஸோ, நகராட்சிகள் அப்படி ஒரு விதியைப் புதிதாக இயற்றுவதையே 2009-இல் தடுத்துவிட்டது. வீடு கட்டுநர்களின் தேசியச் சங்கம் சொல்வது இதுதான்: புகை அலாரமே போதும், புது வீடுகள் ஏற்கெனவே பாதுகாப்பானவை, ஏறும் ஒவ்வோர் ஆயிரம் டாலரும் சில குடும்பங்களுக்கு வீட்டை எட்டாமல் செய்துவிடும்.

விலை பற்றிய கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு சதுர அடிக்குச் சராசரியாக 1.35 டாலர் என்று கணக்கிட்டது. 2,000 சதுர அடிக்கு அது 2,700 டாலர். நகரக் குடிநீர் இணைப்பு இல்லாமல் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகளில் தொட்டியும் பம்பும் சேர்ந்து செலவு கணிசமாக ஏறும். ஆனால் புது வீடு பாதுகாப்பானது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. செயற்கை நுரை அடைத்த இன்றைய சோஃபாக்கள் நிறைந்த அறை ஐந்து நிமிடங்களுக்குள் முழுவதுமாகப் பற்றிவிடுவதையும், பழைய காலப் பஞ்சும் மரமும் கொண்ட அறை அந்நிலையை எட்ட அரை மணி நேரம் அளவுக்கு எடுத்துக்கொண்டதையும் பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யு.எல். நிறுவனத்தின் சோதனைகள் காட்டின. இன்றைய மாடித் தளங்களைத் தாங்கும் மெல்லிய மரக்கூட்டு உத்தரங்கள் நெருப்பில் பழைய கனமான உத்தரங்களைவிட விரைவாக முறிகின்றன. அலாரம் எழுப்பிவிடும்; முழங்கால் வலியோடு மாடிப்படி இறங்கும் தாத்தாவையும், தூக்கம் கலையாத குழந்தையையும் வெளியே கொண்டுவர அது நேரம் வாங்கித் தராது. பதிவான வீட்டுத் தீ விபத்துகளில் ஸ்பிரிங்க்ளர் இருந்த இடங்களின் இறப்பு விகிதம் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைவு என்று என்.எஃப்.பி.ஏ. அறிக்கைகள் கூறுகின்றன. எனக்கு இந்த ஒரு செய்தியே போதுமானது.

என் குறை சாதனத்தின் மேல் இல்லை, அதை ஒப்படைக்கும் முறையின் மேல். சாவி தரும் நாளில் தெர்மோஸ்டாட்டையும் கராஜ் கதவையும் பொறுமையாக விளக்கிய கட்டுநரின் பணியாளர், ஸ்பிரிங்க்ளர் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவை நிறைய உண்டு. மூடித்தட்டின் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. அடித்தால் அது கூரையோடு ஒட்டிக்கொண்டு விழாமல் போகலாம். பல வீடுகளில் குடிநீரும் ஸ்பிரிங்க்ளரும் ஒரே குழாயிலிருந்து பிரிவதால், கடின நீருக்காக நாம் பொருத்தும் வாட்டர் சாஃப்ட்னர் தண்ணீரின் வேகத்தைக் குறைத்து முனைகளை வலுவிழக்கச் செய்யும். வால்வருகே தொங்கும் எச்சரிக்கைப் பலகை இதைத்தான் சொல்கிறது, ஆனால் யாரும் படிப்பதில்லை. டிசம்பரில் ஊருக்குப் போகும்போது கசிவுக்குப் பயந்து முதன்மை வால்வை அடைப்பவர்கள் ஸ்பிரிங்க்ளரையும் சேர்த்தே அடைக்கிறார்கள். வீட்டில் யாரையாவது தங்க வைத்துவிட்டுப் போனால், வால்வைத் திறந்தே வையுங்கள்.

பெற்றோருக்காகப் பின்புறத்தில் சிறு வீடு கட்டும் நண்பர்களுக்கு ஒன்று. முன்வீட்டுக்கு ஸ்பிரிங்க்ளர் தேவையில்லை என்றால் பின்வீட்டுக்கும் கோரக் கூடாது என்பதே கலிஃபோர்னியச் சட்டம். மூத்தவர்கள் உறங்கப்போகும் இடத்துக்கு இந்த விலக்கு வருத்தம் தருகிறது. சட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் போட்டுக்கொள்ளலாம். டெக்சாஸில் வீடு பதிவு செய்பவர்களும் கட்டுநரிடம் கேட்டு விலை வாங்கிப் பாருங்கள். சுவர்ப்பலகை அடிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அடித்த பிறகு கூரையை உடைத்துக் குழாய் ஓட்டும் செலவு வேறு கணக்கு.