சான் ஸ்டார்ம் காருக்குப் பெரிய எஞ்சின்: புதுச்சேரிப் பட்டறை ஒன்றில் ஏமாந்த கதை, நீங்களாவது உஷாராக இருங்கள்

பழைய காருக்குப் பெரிய எஞ்சின் வைக்கலாம் என்று கடலூர், புதுச்சேரி பக்கம் பட்டறை தேடிக்கொண்டிருப்பவர்கள் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு வாசலில் நிற்கும் காரில் ஆர்சியில் இல்லாத ஒரு எஞ்சின் இருக்கிறது. ஆர்சியில் இருக்கும் எஞ்சின் எங்கே போனது என்று கேட்டால் பட்டறைக்காரர் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்.

சான் ஸ்டார்ம் பலருக்குத் தெரியாது. கோவாவில் சான் மோட்டார்ஸ் செய்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். ஃபைபர் பாடி, உள்ளே 1149 சிசி ரெனோ பெட்ரோல் எஞ்சின், சுமார் 60 குதிரைத்திறன். மொத்தமே கொஞ்சம்தான் தயாரானது, இன்று ரோட்டில் ஓடுவது அதைவிடக் கொஞ்சம். எஞ்சின் நல்ல எஞ்சின்தான், ஆனால் ஒரு சின்ன ஸ்பேர் வேண்டுமென்றாலும் மாதக்கணக்கில் அலைய வேண்டும். அதனால்தான் மஹிந்திரா ரெனோ லோகனின் 1.4 எஞ்சினை வைக்கும் யோசனை வந்தது. 1390 சிசி, 75 குதிரைத்திறன், அதுவும் ரெனோதான். லோகன் பிறகு வெரிட்டோ என்ற பெயரில் ஓடியதால் ஸ்பேரும் கிடைக்கும்.

வில்லியனூர் பக்கம் உள்ள பட்டறை. பெயர் இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஓனரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே, "அண்ணே, ஆர்டிஓ பெர்மிஷன் கிடைக்குமா?" என்பதுதான். "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் சார், இந்த மாதிரி எத்தனையோ வண்டி பண்ணியாச்சு" என்றார். எஸ்டிமேட் தாளிலும் எழுதிக் கொடுத்தார்: எஞ்சின் வேலை பார்த்து, பிஸ்டன் ரிங் மாற்றி, புது கிளட்ச், பெரிய ரேடியேட்டர், சாவியோடு ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) செட், ஆர்டிஓ பேப்பர், கழற்றிய எஞ்சினைத் திருப்பித் தருவது. எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய். கடைசி வரியை எழுதச் சொன்னது நான். பழைய எஞ்சினை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அழுத்திச் சொல்லியிருந்தேன்.

வண்டி கைக்கு வந்த அன்று வில்லியனூரிலிருந்து கிளம்பி அரியாங்குப்பம் பாலத்து நெரிசலைத் தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பானெட்டைத் திறந்து பார்த்தால் நின்றது அதே பழைய ரேடியேட்டர், மேலே கறுப்பு பெயின்ட் மட்டும் புதுசு. எக்ஸாஸ்ட் பக்கத்து ஃபைபர் மஞ்சளித்து, ஃபைபரைப் பிடித்து வைக்கும் ரெசின் பிசின் கருகிய வாடை அடித்தது. இரும்பு பாடியாக இருந்தால் பெயின்ட் பொரியும், அவ்வளவுதான். ஃபைபர் பாடிக்குப் பக்கத்தில் சூட்டுத் தகடு இல்லாமல் எக்ஸாஸ்டைக் கொண்டுபோவது உயிரோடு விளையாடுவது.

மறுநாள் திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்த்தார். நான்கு சிலிண்டரில் ஒன்று, மற்றவை காட்டியதில் பாதிகூடக் காட்டவில்லை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் முழுக்கக் கரி. "இதுல ரிங் மாத்தலை தம்பி, ஹெட்டையே தொட்டிருக்க மாட்டாங்க" என்றார். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட், பட்டைக் கம்பியை வளைத்து வெல்டு வைத்தது. வெல்டு ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல் அப்போதே ஓட ஆரம்பித்திருந்தது. பிரேக்கில் கையே வைக்கவில்லை. எஞ்சினை மட்டும் பெரிதாக்கி, அந்த வேகத்தை நிறுத்த வேண்டிய பிரேக்கைப் பழையபடி விட்டவரை மெக்கானிக் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதற்கெல்லாம் காசு போட்டால் சரியாகிவிடும். அடுத்துப் பார்த்தது அப்படியல்ல. எஞ்சின் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளி நிறப் பெயின்ட் தடிமனாக அடித்திருந்தது. மெக்கானிக் துணியில் பெட்ரோலை நனைத்துத் தேய்த்தார். பெயின்ட் கரைந்ததும் கிரைண்டர் ஓடிய வளைவு வளைவான கீறல்கள் தெரிந்தன. ஒரு எழுத்து, ஒரு எண் மிச்சமில்லை. இது எந்த வண்டியில் இருந்தது, விபத்தில் நசுங்கியதா, திருடியதா, எதுவும் தெரியாது. பட்டறைக்காரரிடம் எஞ்சின் வாங்கிய பில்லைக் கேட்டேன். "சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் மார்க்கெட்டுல எடுத்தது சார், அங்கல்லாம் பில்லு தர மாட்டாங்க" என்று பதில். சரி, என் பழைய எஞ்சின்? "காயலான் கடைக்குப் போட்டாச்சு."

அதை நான் நம்பவில்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அது. நாட்டில் ஸ்டார்ம் வைத்திருப்பவர்கள் தேடித் தேடி வாங்கும் பொருளை எந்த மெக்கானிக்கும் கிலோ கணக்கில் எடைக்குப் போட மாட்டார். உள்ளே வைத்ததைவிட வெளியே எடுத்ததுக்குத்தான் மதிப்பு அதிகம். இந்த வேலையில் லாபம் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

ஆர்டிஓ பேப்பர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரம் உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை வண்டி ஓனருக்கு, பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த தாள் அங்கே செல்லாது. 15 வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். அப்போது சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் ஒப்பிடுவார்கள். என் வண்டியில் ஒப்பிட நம்பரே கிடையாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிப்பதற்கும் இது போதும். ஆகவே, பெரிய எஞ்சினுக்குப் பெர்மிஷன் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் பட்டறைக்காரர், "பாண்டிச்சேரி வந்து கேஸ் போடுங்க, பாக்கலாம்" என்றார். அந்தப் பேச்சுக்குப் பயப்படத் தேவையில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஒப்படைத்த எஞ்சினைத் திருப்பித் தராதது நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா 316ஆம் பிரிவு. அதற்குப் போலீஸில் தனியாக மனு. எஸ்டிமேட் தாளும், ஜிபேயில் பணம் போன கணக்கும், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளும்தான் இப்போது எனக்குக் கைகொடுக்கின்றன. போனில் பேசியதை நம்பி விட்டுவிடாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள்.

எஞ்சினை மாற்றாமல் பழுது பார்க்க மட்டும் வண்டியை விடுவதாக இருந்தாலும், விடும்போது எஞ்சின் நம்பரைத் தேதியோடு போட்டோ எடுத்து, ஜாப் கார்டில் (பட்டறை தரும் வேலைச் சீட்டில்) அந்த நம்பரை எழுதி, பட்டறைக் கையெழுத்து வாங்குங்கள். வண்டியை எடுக்கும்போது மறுபடி சரிபாருங்கள். மாற்றிய பழைய பாகங்களை டிக்கியில் போடச் சொல்லுங்கள். தர மறுத்தால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. 1149 சிசி ரெனோ எஞ்சின், ஸ்டார்மில் இருந்து இறக்கியது என்று சொல்லி யாராவது உங்களிடம் விற்க வந்தால் நம்பரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். என் ஆர்சி என்னிடம் இருக்கிறது, உடனே ஒப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.