கிரிகட்டா கேமியோவா? மலைநாட்டுல வீட்ல இருந்து வெட்டி விக்கிறவங்களுக்கு

கிரிகட், கேமியோ ரெண்டும் கம்ப்யூட்டர்ல போட்ட டிசைனை பேப்பர், ஸ்டிக்கர்ல பிளேட்டால வெட்டித் தர்ற மெஷின். முதல்லயே சொல்லிடுறேன், நான் கேமியோ கட்சி. வீட்ல இருக்கிறது சில்லுவெட் கேமியோ 4. பண்டாரவளையில இருக்கிற மதினிகிட்ட கிரிகட் எக்ஸ்ப்ளோர் எயார் 2 இருக்கு, லீவுக்கு அங்க போனா அவங்க ஓர்டரையும் பாதி நான் தான் உக்காந்து வெட்டுவேன், அதனால ரெண்டுலயும் கை பழக்கம் இருக்கு. கேக் டொப்பர், சடங்கு வீட்டு பேர் பலகை, ஆசிரியர் தினத்துக்கு கார்ட், த்ரீவீல் ஸ்டிக்கர், ஊறுகாய் போத்தல் லேபிள், நாங்க பண்றது இவ்வளவு தான். இந்த மாதிரி சின்ன தொழிலுக்கு எது வாங்கலாம்னு வட்ஸ்அப்ல கேக்குறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் வொய்ஸ் அனுப்பி தொண்டை போகுது, அதான் எழுதிட்டேன்.

ரெண்டு மெஷினும் 12 இஞ்ச் அகலம். ரெண்டும் கார்ட் பேப்பர் வெட்டும், வைனல்ங்கிற ஸ்டிக்கர் ஷீட் வெட்டும், டீஷேர்ட்ல அயர்ன் பண்ணி ஒட்டுற ஷீட் வெட்டும், பேனா மாட்டினா எழுதும். வெட்டு சுத்தமா இருக்கான்னு கேட்டா ரெண்டும் சுத்தம் தான். கலர், லுக் எல்லாம் உங்க இஷ்டம். யூடியூப்ல இதையே அரை மணித்தியாலம் இழுக்குறாங்க, நான் விட்டுடுறேன்.

பழகுறதுக்கு லேசு எதுன்னா கிரிகட் தான், இதுல பொய் சொல்ல முடியாது. எக்ஸ்ப்ளோர் எயார் 2ல முன்னுக்கே ஒரு டயல் இருக்கு, பேப்பர்னா பேப்பருக்கு திருப்பு, வைனல்னா வைனலுக்கு திருப்பு, பட்டனை அமத்து, முடிஞ்சிது. மதினி லப்டொப்பே பெருசா தொட்டதில்ல, அவங்களே பெட்டிய பிரிச்ச அன்னைக்கே ஒரு பட்டாம்பூச்சி வெட்டி போட்டோ அனுப்பினாங்க. கேமியோல அப்படி வராது. பிளேட் எவ்வளவு ஆழம், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம், எத்தனை தடவை ஒரே கோட்டுல ஓடணும்னு நாலு நம்பர் கேக்கும், ஆழத்தை மெஷினே செட் பண்ணிக்கிற ஆட்டோபிளேட்ல ஆழம் 1ல இருந்து 10 வரைக்கும், அழுத்தம் 1ல இருந்து 33 வரைக்கும், புதுசா பாக்குறவங்களுக்கு தலை சுத்தும். பேப்பர் பேரை செலக்ட் பண்ணினா அதுவே ஒரு நம்பர் போட்டு வைக்கும், ஆனா அது அமெரிக்காக்காரன் வீட்டு காஞ்ச பேப்பருக்கு போட்ட நம்பர், மஸ்கெலியாவுல ஜூன் மாசம் இருக்கிற பேப்பருக்கு இல்ல. ஆனா கேமியோவோட சொஃப்ட்வெயார் சில்லுவெட் ஸ்டூடியோல டெஸ்ட் கட்னு ஒன்னு இருக்கு, சதுரத்துக்குள்ள ஒரு முக்கோணம் சின்னதா வெட்டிக் காட்டும், அதை பாத்து பாத்து நம்பரை கூட்டி குறைச்சா கொஞ்ச நாள்ல கை தானா வந்திடும்.

அப்போ ஏன் கேமியோன்னு கேப்பீங்க. எனக்கு முடிவு பண்ணினது சொஃப்ட்வெயார். அதுவும் தமிழ்ல வேலை செய்றதால தான் அது இவ்வளவு பெரிய விசயமாச்சி.

இங்கிலிஷ் பேர்னா கிரிகட்டோட சொஃப்ட்வெயார் டிசைன் ஸ்பேஸ்லயே டைப் பண்ணி, அழகான எழுத்து ஒன்னை தேர்ந்தெடுத்து, ஒட்டி, வெட்டிடலாம். தமிழ்ல அப்படி முடியுமா? ஒரு கேக் டொப்பருக்கு "பிறந்தநாள் வாழ்த்துகள்"னு வெட்டுறோம்னு வைங்க. எண்ணிப் பாருங்க, அஞ்சு புள்ளி. அஞ்சும் எழுத்தோட ஒட்டாம அந்தரத்துல நிக்குது. நா, வால வர்ற கால் தனியா நிக்குது. அப்படியே வெட்டினா கையில வர்றது வார்த்தை இல்ல, ஒரு பிடி கான்ஃபெட்டி. அதனால எழுத்தை எல்லாம் வடிவமா மாத்தி, ஒன்னோட ஒன்னு லேசா மேல ஏத்தி ஒட்டி, புள்ளிக்கு கீழ மெல்லிசா ஒரு காம்பு போட்டு எழுத்தோட சேக்கணும், இல்லன்னா எழுத்தை சுத்திவர கொஞ்சம் தள்ளி ஒரு ஓரக்கோடு (ஆஃப்செட்) எடுத்து பின்னால இன்னொரு கலர்ல ஒரு லேயர் வெட்டி அதுமேல புள்ளிய ஒட்டணும். த்ரீவீல் ஸ்டிக்கர்ல வேற பாடு. "அக்கா, பின் கண்ணாடிக்கு முருகன் துணைன்னு வெட்டித் தாங்க"ன்னு வருவாங்க. அதுல புள்ளி ஒன்னே ஒன்னு தான், ஆனா அந்த ணைய பாருங்க, சுழிக்குள்ள சுழி, ஒவ்வொரு சுழிக்குள்ளயும் இருக்கிற குட்டி வட்டத்தை ஊசியால கிளப்பி எடுக்கணும், அந்த நேரம் பாத்து ன் மேல இருக்கிற புள்ளி கழிவு வைனலோட சேந்து போயிடும். ஸ்டிக்கர் சின்னதா இருந்தா புள்ளிய நிஜ அளவை விட பெருசாக்கி வச்சா தான் தங்கும்.

இந்த வேலைய எல்லாம் நான் இங்க்ஸ்கேப்ல தான் செய்றேன், காசில்லாத சொஃப்ட்வெயார், யூனிகோட் தமிழ் கொம்பெல்லாம் சரியான இடத்துல உக்காரும், எழுத்தை வடிவமாக்கி ஒன்னா இணைக்கிறதும் லேசு. பாமினி ஃபொண்ட் வச்சிருக்கிறவங்க நேரா கட்டிங் சொஃப்ட்வெயார்லயே அடிக்கலாம், ஏன்னா பாமினிக்கு உள்ளுக்குள்ள இங்கிலிஷ் கீ தான் ஓடுது, ஆனா புள்ளி பிரச்சனை அப்பவும் அப்படியே தான் இருக்கும். எப்படி பாத்தாலும் தமிழ்ல தொழில் பண்றவங்களுக்கு ஒவ்வொரு ஓர்டரும் வெளியில செஞ்சி உள்ளுக்கு கொண்டு வர்ற ஒரு புது டிசைன். கவிதாவுக்கு ஒன்னு, தர்ஷனுக்கு ஒன்னு, பாட்டி எழுபதாம் பிறந்தநாளுக்கு ஒன்னு.

இப்ப கிரிகட்ல அந்த டிசைனை உள்ளுக்கு கொண்டு வர்றதுன்னா அவங்க சேர்வருக்கு ஏத்துறது தான். டிசைன் ஸ்பேஸ் எக்கவுண்ட் போட்டு உள்ள போகணும், டிசைன் எல்லாம் அவங்க கிளவுட்ல இருக்கும். நெட் இல்லாமலும் வெட்டலாம், இல்லன்னு சொல்லல, ஆனா அதுக்கு முன்கூட்டியே கம்ப்யூட்டர்ல சேவ் பண்ணி வச்சிருக்கணும். ராத்திரி வந்த ஓர்டர் காலைல ஏழு மணி பஸ்ல போகணும், மழைக்கு சிக்னல் ஒரு கோடு கூட இல்லன்னா என்ன பண்றது? எங்க பக்கம் வீட்டுக்கு பின்னால மலை, முன்னால தேயிலை, டவர் அந்தப் பக்கம். மதினி வீடு டவுன்ல இருக்கிறதால அவங்களுக்கு இது ஒரு பிரச்சனையே இல்ல, அதையும் சொல்லணும்.

இன்னொன்னு, 2021 மார்ச்ல கிரிகட் கம்பெனி ஒரு அறிவிப்பு விட்டாங்க, மாச சந்தா கட்டாதவங்க ஒரு மாசத்துக்கு 20 டிசைன் தான் ஏத்தலாம்னு. உலகம் முழுக்க இருக்கிற வாடிக்கையாளர் கொதிச்சாங்க, சில நாள்லயே வாபஸ் வாங்கிட்டாங்க. இப்ப அந்த கட்டுப்பாடு இல்ல. ஆனா யோசிச்சி பாருங்க, இங்கிலிஷ்ல டைப் பண்றவங்களுக்கு 20 காணும், நமக்கு ஒவ்வொரு பேரும் ஒரு அப்லோட். புரட்டாதி ஐப்பசில ஆசிரியர் தினம், தீவாளின்னு வர்ற நேரம் அது ஒரு வாரத்துக்கும் காணாது. அதுக்கு முன்னாடி 2018ல அவங்க பழைய கிராஃப்ட் ரூம் சேவைய மூடினப்ப, அதை நம்பி இருந்த பழைய மெஷினெல்லாம் கம்ப்யூட்டரோட பேசுறத நிறுத்திடுச்சி, டிசைன் அடைச்சி விக்கிற காட்ரிஜ் வச்சி மட்டும் வெட்டலாம்ங்கிற நிலைமை. டிசைன் ஸ்பேஸ் தவிர வேற சொஃப்ட்வெயாரும் இப்ப இருக்கிற கிரிகட் மெஷினுக்கு ஒத்துவராது. காசு குடுத்து வாங்கின மெஷின், ஆனா சாவி இன்னொருத்தர் இடுப்புல.

கேமியோவுக்கு சில்லுவெட் ஸ்டூடியோ நம்ம லப்டொப்லயே குந்தி இருக்கும், நெட் கேக்காது. பேசிக் எடிஷன் ஓசி. அதுல ஒரு கஞ்சத்தனம் இருக்கு, இங்க்ஸ்கேப் சேவ் பண்ற எஸ்விஜி ஃபைல் திறக்காது, அதுக்கு டிசைனர் எடிஷன் வாங்கணும், 50 டொலர் கிட்ட, ஆனா ஒரு தடவை கட்டினா போதும். அதுவும் வேணாம்னா இங்க்ஸ்கேப்ல இருந்து டிஎக்ஸ்எஃப்ங்கிற இன்னொரு வகை ஃபைலா சேவ் பண்ணினா பேசிக்லயே திறக்கும், பிஎன்ஜி படமா போட்டு ஓரக்கோட்டை ட்ரேஸும் எடுக்கலாம். இங்க்ஸ்கேப்ல இருந்தே நேரா கேமியோவுக்கு அனுப்புற ஒரு எக்ஸ்டென்ஷனும் இருக்கு, யாரோ புண்ணியவான்கள் செஞ்சி சும்மா குடுத்திருக்காங்க. நாளைக்கு கம்பெனிக்காரன் என்ன முடிவு எடுத்தாலும் இன்னைக்கு என் லப்டொப்ல ஓடுறது ஓடும்.

கிரிகட் எக்சஸ்னு மாச சந்தா இருக்கு, 10 டொலர் கிட்ட. கட்டாயம் இல்ல, அதுல கிடைக்கிற படங்களும் எழுத்துகளும் நம்ம தமிழ் ஓர்டருக்கு பெருசா உதவாது. ஆனா கட்ட ஆரம்பிச்சவங்க விட முடியாம கட்டிட்டே இருக்கிறத பாத்திருக்கேன். 2022ல ஒரு டொலர் 200ல இருந்து 360 கிட்ட போச்சே, அந்த மாதிரி ஒரு வருசத்துல மாசாமாசம் டொலர்ல ஒரு செலவு இருந்தா டொப்பர் வித்த காசு எங்க போகும்னு சொல்லத் தேவையில்ல.

அடுத்தது ஈரம். மே மாசம் மழை பிடிச்சா ஹட்டன், நோர்வூட் பக்கம் செப்டம்பர் வரைக்கும் விடாது. கார்ட் பேப்பர் காத்துல இருக்கிற தண்ணிய குடிச்சி ஓரம் சுருண்டுக்கும், நார் நாரா கிழியும், முக்கியமா எழுத்து மூலையில. அந்த நேரம் கேமியோல வேகத்தை நல்லா குறைச்சி, அழுத்தத்தையும் குறைச்சி, ரெண்டு தடவை ஓட விட்டா மூலை கிழியாம வரும். கிரிகட்லயும் கஸ்டம் மெட்டீரியல்ல போய் அழுத்தத்தை மாத்தலாம், ரெண்டு வெட்டு வெட்ட சொல்லலாம், ஆனா வேகத்தை அப்படி குறைக்க விடாது. ஒன்னு மட்டும் யோசிக்கணும், பண்டாரவளை பக்கம் அந்த மாசங்கள்ல வெயில், அங்க மழை ஒக்டோபருக்கு அப்புறம் தான், அதனால ரெண்டு மெஷினையும் ஒரே ஈரத்துல பக்கத்து பக்கத்துல வச்சி நான் பாக்கல. என் கேமியோவுக்கு நான் குடுக்கிற மார்க்ல கொஞ்சம் பழக்க தோசமும் இருக்கும்.

பேப்பரை ஒட்டி மெஷினுக்குள்ள விடுற பசை மெட் இருக்கே, எந்த மெஷினை வாங்கினாலும் அது ஒரே தலைவலி தான். பேப்பர் தூசி ஏற ஏற பசை செத்துடும். வெதுவெதுன்னு இருக்கிற தண்ணில பாத்திரம் கழுவுற சோப் ஒரு சொட்டு போட்டு மெதுவா தேச்சி, நிமித்தி வச்சி காய விட்டா பசை திரும்ப உயிர் வரும். ஆனா காய விடணும், சூடு காட்டக் கூடாது. நுவரெலியாவுல பனி மூடின நாள்ல ஒரு மெட் காயிறதுக்குள்ள ஓர்டர் குடுத்தவங்க கல்யாணமே முடிஞ்சிடும், அதனால எப்பவும் ரெண்டு மூணு மெட் கைவசம் வைங்க, வெட்டி முடிஞ்சதும் மேல இருக்கிற பிளாஸ்டிக் தாளை மறக்காம மூடுங்க. பேப்பரை நான் தேயிலை அனுப்புற உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டின பேப்பர் சாக்குல, வாய மடிச்சி கட்டி வைக்கிறேன், சப்பாத்து பெட்டில வர்ற சிலிகா பைக்கற்றும் ரெண்டு உள்ள போட்டா நல்லது. பிளேட்டுக்கு பேப்பருக்கு ஒன்னு, வைனலுக்கு ஒன்னுன்னு தனித்தனியா வச்சா நாள் போகும், பேப்பர் தான் கூர்மைய சீக்கிரம் தின்னுது. கேமியோ ஆட்டோபிளேட் விலை கூட, ஆனா பிளேட் மாட்டுற ஹோல்டர் ஒன்னு வாங்கி, சிபி09ங்கிற மலிவு பிளேட்டை பைக்கற்றா வாங்கி அதுல போட்டா செலவு இறங்கும். கிரிகட்டுக்கும் அப்படி மலிவு பிளேட் ஒன்லைன்ல கிடைக்குது, அதனால இதுல ரெண்டும் சமம்.

துணி வெட்டி தைக்கிறவங்க, ஃபெல்ட்ல பொம்மை செய்றவங்க நான் சொன்னதை எல்லாம் மறந்திட்டு கிரிகட் மேக்கரை பாருங்க. அதுல உருண்டு வெட்டுற பிளேட் இருக்கு, எக்ஸ்ப்ளோரை விட 10 மடங்கு அழுத்தம், 4 கிலோ வரைக்கும் குடுக்கும்.

பிரதர் ஸ்கேன்கட்டையும் கேக்குறாங்க. தெரிஞ்ச ஒரு டீச்சர் வீட்ல கொஞ்ச நேரம் தொட்டு பாத்தது தான், அதனால அளவா சொல்றேன். அதுக்குள்ளயே ஸ்கேனர் இருக்கு, கையால எழுதின கோலத்தையோ பேரையோ மெட்ல வச்சா ஸ்கேன் பண்ணி அதையே வெட்டிடும், லப்டொப்பே வேணாம். எழுத்து அழகா இருக்கிற ஆளுக்கு தமிழ் ஃபொண்ட் பிரச்சனையே இல்ல, பேனாவால புள்ளிய எழுத்தோட சேத்து எழுதிட்டா முடிஞ்சிது. டீச்சருக்கு அந்த கை இருக்கு. எனக்கு இல்ல.

செகண்ட் ஹேண்ட் வாங்குறதுன்னா எதுவா இருந்தாலும் உங்க கண்ணு முன்னால ஒரு கார்ட் பேப்பர்ல வெட்டிக் காட்ட சொல்லுங்க. கேமியோன்னா பிளேட்டுக்கு கீழ ஓடுற வெள்ளை பட்டிய விரலால தடவி பாருங்க, ஆழமா கோடு விழுந்திருந்தா மெட் இல்லாம கண்டபடி வெட்டியிருக்காங்கன்னு அர்த்தம், விலைய குறைச்சி கேளுங்க. கிரிகட்னா வித்தவங்க எக்கவுண்ட்ல இருந்து மாறி உங்க எக்கவுண்ட்ல செட் ஆகுறத அங்கயே நெட் இருக்கிற இடத்துல வச்சி பாத்திட்டு காசை குடுங்க. அடாப்டர் ஒரிஜினலான்னும் பாருங்க, அதுல 230 வோல்ட் ஒத்துக்கும்னு எழுதியிருக்கணும், வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரங்க கொண்டு வந்து விக்கிறதுல இது ரொம்ப முக்கியம்.