செங்கோட்டை வீட்டைப் புதுப்பித்த கான்ட்ராக்டர்: 155 நாள் கணக்கு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகக் குளியலறை கட்ட வேண்டுமா, அடுக்களைக்கு டைல்ஸ் பதிக்க வேண்டுமா, எங்கள் வீட்டில் வேலை செய்த கான்ட்ராக்டரைத் தாராளமாகக் கூப்பிடலாம். ஓட்டு வீடு, சுண்ணாம்புச் சுவர், மர உத்தரம் என்றால் அவரைத் திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பெயரை எழுதப்போவதில்லை. ஊர் சிறியது, அவர் வீட்டம்மாள் என்னிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்தவள்.

நான் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். வேலை தொடங்கிய 2025 பிப்ரவரி 5 அன்று கடையில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மூட்டை சிமென்ட் உடைந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. கான்ட்ராக்டருக்கு அந்த நோட்டைக் கண்டாலே ஆகாது. ஒரு முறை சித்தாள் பெண்ணிடம், 'டீச்சர் நமக்கும் ஆஜர் எடுக்கிறார்கள்' என்று சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. உண்மைதான். 75 நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னவர் ஏப்ரல் 20-ஆம் தேதி சாவியைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது ஜூலை 9. மொத்தம் 155 நாள். அதில் ஆள் வந்து வேலை நடந்தது 81 நாள். மீதி 74 நாளும் 'அடுத்த வாரம்.'

வீடு என் தாத்தா கட்டியது. செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேரும் வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர். அதனால் தாத்தாவின் கணக்கு நோட்டில் கொத்தனார் கூலியெல்லாம் சக்கரத்தில் இருக்கும். அந்த ஊர் நாணயம் அது; இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஓடு கொல்லத்திலிருந்து ரயிலில் வந்திருக்கிறது, ஏற்றுகூலி இறக்குகூலி தனித்தனியாக எழுதியிருக்கிறார். நோட்டுப் போடும் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்பது அதைப் பார்த்தால் தெரியும்.

பட்டாசலின், அதாவது கூடத்தின், மோட்டு வளையில் (கூரை உச்சி உத்தரத்தில்) 1112 என்று செதுக்கியிருக்கும். வீட்டைப் பார்க்க வந்த முதல் நாள் கான்ட்ராக்டர் டார்ச் அடித்து அதைப் படித்துவிட்டு, 'தொள்ளாயிரம் வருஷத்து வீடா, டீச்சர்?' என்று கேட்டார். கிண்டல் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கிண்டல் இல்லை. அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு, 824 அல்லது 825-ஐக் கூட்டிக்கொண்டால் 1936 அல்லது 37 வரும் என்றேன். மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். 'அப்படியென்றால் தொண்ணூறு வருஷம் ஆகப்போகிறது. பிரித்துவிடலாம்' என்றார்.

அவருடைய முதல் எஸ்டிமேட் 6,80,000 ரூபாய். அதில் 1,90,000 கூரைக்கு: ஓட்டையும் மரத்தையும் இறக்கிவிட்டு, இரும்பில் டிரஸ் என்னும் கூரைச் சட்டம் அடித்து ஷீட் போடுவது. எல்லா இடமும் கரையான் அரித்துவிட்டது என்றார். கூடவே ஒரு சலுகை: பழைய மரத்தைத் தாமே அப்புறப்படுத்திவிடுவாராம், அதற்குக் கூலியே வேண்டாமாம். கூலி வேண்டாம் என்று ஒரு கான்ட்ராக்டர் சொன்னால் அன்றைக்கு இரவு தூக்கம் வரக்கூடாது. எனக்கு வரவில்லை.

மறுநாள் புளியரையில் இருக்கும் என் சித்தி மகனிடம் சொன்னேன். அவன் ஆரியங்காவிலிருந்து ஒரு ஆசாரியைக் கூட்டிவந்தான். எழுபதை நெருங்கும் மனிதர், பாதி மலையாளம் பாதி தமிழ். ஏணியில் ஏறி, உளியின் முனையால் ஒவ்வொரு கைமரத்தையும், அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வு மரத்தையும், குத்திப் பார்த்தார். நல்ல மரத்தில் உளி 'டிங்' என்று நின்றது. செத்த மரத்தில் சத்தமில்லாமல் உள்ளே போனது. நான் கீழே நின்று நோட்டில் குறித்தேன். 46 கைமரத்தில் கெட்டது ஏழு. அதுவும் முழுக் கெடுதல் இல்லை. இறவாரத்தில் சாரல் அடிக்கும் நுனி மட்டும் இற்றுப்போயிருந்தது. 'ஆஞ்சிலி மரம், டீச்சரே. இனியும் ஐம்பது கொல்லம் நிற்கும். நுனியை வெட்டி ஒட்டுப் போட்டால் போதும்' என்றார். அவர் மலையாளத்தில் கொல்லம் என்றால் வருஷம். ஆஞ்சிலியை இந்தப் பக்கம் அயினி என்போம். மோட்டு வளையில் இருந்த 1112-ஐப் படித்தவுடன் விரலால் தடவி, 'என் அச்சன் பிறந்த கொல்லம்' என்றார். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆகவே கூரை மரவேலையைக் கான்ட்ராக்டரிடமிருந்து பிரித்து ஆசாரியிடம் கொடுத்தேன். ஓடு வேய்வது மட்டும் கான்ட்ராக்டர் பொறுப்பு, 38,000 ரூபாய். இதில் அவருக்குக் கோபம்தான். ஒரே வீட்டில் இரண்டு கை விழுந்தால் வேலை உருப்படாது என்றார். அந்தப் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பின்னால் அது என் தலையில்தான் விடிந்தது.

அதற்கு முன்னால் அவருடைய நல்ல பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். புறவாசலில் கட்டிய புதுக் குளியலறை அசல் வேலை. மேலே கான்கிரீட் தட்டட்டி போட்டு, சுற்றிலும் வரப்புக் கட்டி இரண்டு நாள் தண்ணீர் தேக்கி வைத்தார். கீழே ஒரு பொட்டு ஈரம் இல்லை என்று கையால் தடவிக் காட்டிய பிறகுதான் உள்பூச்சைத் தொடங்கவிட்டார். தரைக்கு டைல்ஸ் பதித்த அன்று சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்தார். ஒவ்வொரு மூலையிலும் வைத்து விட்டார். மூன்று மூலையிலிருந்து அது நேராக நீர்ப்போக்கிக்கு உருண்டு வந்தது. நான்காவது மூலையில் கொஞ்சம் யோசித்து நின்றுவிட்டது. 'பெயர்த்துவிடு' என்றார். டைல்ஸ் பதித்தவர் ஈரம் காயும் முன்னே நான்கு டைல்ஸையும் பெயர்த்து மறுபடி பதித்தார். நான் கேட்காமலே நடந்தது இது. சரிவு சரியில்லாத குளியலறையில் வாழ்நாள் முழுக்கத் துடைப்பத்தோடு நிற்கும் பெண்களுக்கு இதன் அருமை தெரியும். அடுக்களை மேடையும் அப்படித்தான். உயரத்தைக் கேட்டுவிட்டு, என்னை நிற்கச் சொல்லி, கை மடக்கிய அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார்.

ஆனால் அவர் நேரில் நின்றால்தான் இதெல்லாம். அவர் ஒரே சமயத்தில் நான்கு வீடு எடுத்திருந்தார். எங்கள் தெருவுக்கு வரும் நாள் வாரத்தில் இரண்டு.

ஆள் வராததற்கு அவர் சொன்ன காரணம் பொய் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுமானக் கூலியில் நாட்டிலேயே முன்னால் நிற்பது கேரளம். இங்கே இருந்து ஒரு கொத்தனார் காலை பஸ் ஏறினால், கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை தாண்டிப் புனலூரில் இறங்கிக் கூடுதல் கூலிக்கு வேலை செய்யலாம். ஓட்டு வேலை தெரிந்தவன் என்றால் அங்கே அவனை விடவே மாட்டார்கள். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலும் அதே வழியில்தான் போகிறது. புளியரைச் சாலையில் லாரிகள் மணலும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகின்றன; எங்கள் வாசலுக்கு ஒரு லோடு வருவதற்குப் பதினோரு நாள் காத்திருந்தேன். வந்த லோடு இரண்டு யூனிட் என்றார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. டேப்பை எடுத்து லாரியின் தொட்டியை அளந்தேன்: நீளம் 11 அடி, அகலம் ஆறரை, மணல் ஏறியிருந்த உயரம் இரண்டரை. பெருக்கினால் 178.75 வருகிறது. ஓட்டுநர் என்னைப் பார்த்தார், கான்ட்ராக்டர் ஓட்டுநரைப் பார்த்தார். அடுத்த லோடு குவித்து வந்தது. இந்தத் தவறு கான்ட்ராக்டருடையது அல்ல, மணல்காரருடையது. ஆனால் அளக்காமல் ரசீதில் கையெழுத்துப் போட நீட்டியது அவர் கை.

இனி மழை.

ஆசாரி முதல் நாளே சொன்னார்: 'இடவப்பாதிக்கு முன் ஓடு ஏறிவிட வேண்டும்.' இடவ மாதம் பாதியில், அதாவது மே கடைசியில், தென்மேற்குப் பருவமழை இறங்கும் என்பது மலைக்கு அந்தப் பக்கத்துக் கணக்கு. கணவாய் வழியாக அந்த மழையின் சாரல் எங்களுக்கும் வந்துவிடும். குற்றாலத்தில் சீசன் என்று நீங்கள் கொண்டாடுவது அதைத்தான். ஆசாரி மே 10-ஆம் தேதி மரவேலையை முடித்தார். ஏழு கைமரத்துக்கும் புது நுனி, முழுவதும் புது ரீப்பர் சட்டம். இறக்கிவைத்த சீமை ஓடுகளைத் தேய்த்துக் கழுவித் தார்சாவில் (தாழ்வாரத்தில்) அடுக்கியிருந்தோம். 1,340 ஓட்டில் உடைந்தது 112. ஆறு நாள் வேலை. கான்ட்ராக்டர் அனுப்பிய இரண்டு பேர் மூன்று நாளில் பாதிக் கூரையை வேய்ந்தார்கள். நான்காம் நாள் வரவில்லை. போன் செய்தால், 'அடுத்த வாரம் முடித்துவிடலாம், டீச்சர், ஜூன் பிறக்காமல் மழை எங்கே வரப்போகிறது?'

2025-இல் பருவமழை கேரளத்தில் தொடங்கியது மே 24. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை என்று வானிலை மையம் சொன்னது. பாதிக் கூரை திறந்து கிடந்த வீட்டில் நானும் என் தங்கையும் இருந்தோம். தார்ப்பாய் கட்டியிருந்தது, கணவாய்க் காற்றுக்குத் தார்ப்பாய் எம்மாத்திரம். இரவு பதினொன்றரைக்கு அது ஒரு பக்கம் பிய்ந்து, பெரிய பறவை சிறகடிப்பது போல் அடிக்கத் தொடங்கியது. தாத்தாவின் கணக்கு நோட்டு இருந்த மரப்பெட்டியை இருவரும் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினோம். பட்டாசலின் சிவப்புத் தரையில் விடியும்வரை தண்ணீர் நின்றது. வாளி, அண்டா, குத்துப்போணி என்று வீட்டில் இருந்த பாத்திரம் எல்லாம் வரிசையில்.

காலை ஏழு மணிக்குக் கான்ட்ராக்டர் வந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. நோட்டை மட்டும் திறந்து வைத்திருந்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே ஏணியில் ஏறினார். சாரலிலேயே, இடையிடையே நின்று, இரண்டரை நாளில் மீதிக் கூரையை அவரும் ஒரு பையனும் வேய்ந்து முடித்தார்கள். மோட்டு ஓட்டுக்குக் கலவை வைத்தது அவர் கைதான். இன்றுவரை அந்தக் கூரையில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. அவர்மேல் எனக்கு ஏன் முழுக் கோபம் வரவில்லை என்று தங்கை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மே 26-ஆம் தேதி ஏணியின் உச்சியில் நனைந்துகொண்டு நின்ற மனிதரையும் நான் பார்த்திருக்கிறேன் அல்லவா?

ஆனால் சுவருக்கு மன்னிப்பு இல்லை. முன்னறையின் சுவர் கல்லும் சுண்ணாம்பும். அதில் பூச்சு உதிர்ந்திருந்த இடத்தைச் சுண்ணாம்பிலேயே பூச வேண்டும் என்று ஆசாரி எச்சரித்தார், நானும் சொன்னேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் வெளியே விடும். அதன்மேல் சிமென்ட்டை அப்பினால் சுவரின் வாயைப் பொத்துவது போல. உள்ளே போன ஈரம் வழி தேடிக்கொண்டு உப்பாகப் பூக்கும். நான் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போன இரண்டு நாளில் ஒன்றுக்கு நான்கு கலவையில் அந்தச் சுவர் முழுக்கச் சிமென்ட் பூச்சு ஏறிவிட்டது. பளபளவென்று மட்டம் பிடித்துப் பூசியிருந்தார்கள். 'பாருங்கள், கண்ணாடி மாதிரி இருக்கிறது' என்றார். கண்ணாடிதான். ஜூலை கடைசியில் கீழிருந்து மூன்றடி உயரம்வரை வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் போல் எழும்பிவிட்டது. மொத்தப் பூச்சையும் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பில்தான் பூச வேண்டும். தெரியாமல் செய்தார் என்றால் சொல்லிக்கொடுக்கலாம். சொன்ன பிறகும், நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்ததுதான் உறுத்துகிறது.

பணம். கூரைக்கான 1,90,000-ஐக் கழித்து, ஓடு வேய்ந்த 38,000-ஐக் கூட்டினால் 5,28,000. 'கூடுதல் வேலை' என்று 92,000 கேட்டார். நோட்டை வைத்து உட்கார்ந்தோம், 51,500-ஐ ஒப்புக்கொண்டேன். ஆக அவருக்கு 5,79,500. ஆசாரிக்கு மரமும் கூலியும் சேர்த்து 1,12,000. மொத்தம் 6,91,500, முதல் எஸ்டிமேட்டைவிட 11,500 தான் அதிகம். தாத்தாவின் மரமும் வீட்டிலேயே இருக்கிறது. பணத்தைக் கட்டம் கட்டமாக, முடிந்த வேலைக்கு மட்டும் கொடுத்தேன். கடைசி 40,000-ஐ முதல் சாரல் ஓயும்வரை தர மாட்டேன் என்று ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்கியிருந்தேன். அது இல்லாவிட்டால் மே 25 காலை ஏழு மணிக்கு வந்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

சுவரைக் காட்டிய அன்று அவர் வாதம் செய்யவில்லை. நகத்தால் உப்பைச் சுரண்டிப் பார்த்தார், நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். 40,000-இல் 25,000-ஐக் கொடுத்தேன், சுவருக்காக 15,000 நிற்கிறது என்றேன். சரி என்று தலையாட்டினார். அடுத்த வாரம் சுண்ணாம்புக்கு ஆள் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அது ஆடிப்பெருக்குக்கு முந்திய நாள். இப்போது புரட்டாசி பிறந்துவிட்டது.